ஃப்ரீலான்சர்களே, "ஐடிஆர் போடாதே"ன்னு சொல்றவரிடம் ஏமாறாதீங்க

"ஒரு தடவை ரிட்டர்ன் போட்டா மாட்டிக்குவ தம்பி. வருஷா வருஷம் போடணும். நோட்டீஸ் வரும். நீ பாட்டுக்கு ஜிபேல காசை வாங்கிட்டு சும்மா இரு."

சொந்தமாகத் தொழில் செய்யும் இளைஞர்களுக்கு நம்ம ஊரில் இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை இது. டிசைனர், கோடிங் செய்பவர், ஹோம் விசிட் போகும் பிசியோதெரபிஸ்ட், டியூஷன் டீச்சர் என யாரையும் விட்டு வைப்பதில்லை.

இது தவறான அறிவுரை மட்டுமல்ல, ஆபத்தான அறிவுரை என்பது என் கருத்து. நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நான் அரசு மருத்துவமனை மருத்துவன். ஆடிட்டர் அல்ல. எனக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்?

சாலை விபத்தில் அடிபட்டு நீங்கள் வந்தால் ஏ.ஆர். என்ட்ரி போடுவது எங்களைப் போன்ற மருத்துவர்கள். காயச் சான்றிதழ் எழுதுவது நாங்கள். உங்களுக்கு எத்தனை சதவீதம் ஊனம் என்று சொல்வது மருத்துவக் குழு. ஆனால் இழப்பீட்டுக் கணக்கில் இன்னொரு எண் இருக்கிறது. உங்கள் மாத வருமானம். அதை எந்த டாக்டராலும் எழுதித் தர முடியாது.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்குப் போடுகிறது தெரியுமா? ஆண்டு வருமானத்தை வயதுக்கான பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த அட்டவணைப்படி 26 முதல் 30 வயதுக்கு அந்த எண் 17.

28 வயது சாப்ட்வேர் ஃப்ரீலான்சர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 60,000 சம்பாதிக்கிறார். விபத்தில் சம்பாதிக்கும் திறனில் பாதி போய்விட்டது. 60,000 × 12 × 17, அதில் பாதி. 61 லட்சத்து 20 ஆயிரம்.

அதே ஆளுக்கு வருமானத்துக்கு ஆதாரம் இல்லை. நீதிபதி உத்தேசமாக மாதம் 15,000 என்று எடுத்துக்கொண்டால்? 15 லட்சத்து 30 ஆயிரம்.

அதே கை, அதே கால், அதே ஊன சதவீதம். வித்தியாசம் கிட்டத்தட்ட 46 லட்சம்.

2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சுயதொழில் செய்பவருக்கும் 40 வயதுக்குள் என்றால் எதிர்கால வருமான உயர்வாக 40% சேர்க்கச் சொன்னது. அந்த 40% எதன் மேல் சேரும்? நிரூபித்த வருமானத்தின் மேல். அடிப்படையே சின்னது என்றால் சேர்வதும் சின்னதுதான்.

பேங்க் ஸ்டேட்மெண்டைக் காட்டி வாதாடலாமே என்பீர்கள். வாதாடலாம். ஆனால் விபத்துக்கு முன்பே தாக்கல் செய்த ஐடிஆருக்கு இருக்கும் எடை வேறு. விபத்துக்குப் பிறகு அவசரமாகப் போட்ட ரிட்டர்னை இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் சும்மா விடுவாரா?

"சும்மா இரு"ன்னு சொன்ன அண்ணன் அன்றைக்கு சாட்சிக் கூண்டில் ஏற மாட்டார்.

சரி, ரிட்டர்ன் போடாததால் மறைந்திருக்கிறோம் என்றாவது நினைக்க முடியுமா? அதுவும் இல்லை. உங்களுக்குப் பணம் தந்த நிறுவனம் 194ஜே பிரிவில் 10% டிடிஎஸ் பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறிவிட்டது. துறைக்குத் தெரியும். தெரியாதது உங்களுக்குத்தான்.

இதில் வயிற்றெரிச்சல் தரும் விஷயம் ஒன்று. தனியார் மருத்துவமனைகளில் டியூட்டி டாக்டராக இருக்கும் என் ஜூனியர்கள் பலருக்குச் சம்பளம் "புரொபஷனல் ஃபீஸ்" என்று வருகிறது. மாதம் 60,000 என்றால் 6,000 பிடித்தம். ஆண்டுக்கு 72,000. "டாக்ஸ் கட்டியாச்சு, முடிஞ்சது"ன்னு இருக்கிறார்கள்.

முடியவில்லை டாக்டர். டிடிஎஸ் என்பது முன்பணம். கணக்கு முடிப்பது ஐடிஆரில்.

வருமான வரிச் சட்டம் 1961-ன் 44ஏடிஏ பிரிவு என்ன சொல்கிறது? மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம் போன்ற பட்டியலிட்ட தொழில்களில் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை வருமானமாகக் காட்டலாம். பெட்டிக் கணக்கு நோட்டெல்லாம் வேண்டாம். நிஜ லாபம் அதைவிட அதிகம் என்றால் அதிகமாகவே காட்டலாம், காட்டுங்கள்.

7,20,000-ல் பாதி 3,60,000. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரி பூஜ்யம். பிடித்த 72,000 முழுவதும் திரும்ப வரும். டிடிஎஸ் 25,000-ஐத் தாண்டினால் ரிட்டர்ன் போடுவது கட்டாயமும்கூட.

மாட்டிக்கொள்வீர்கள் என்று பயமுறுத்தியவர், உங்கள் 72,000-ஐ அரசுக்கே தானமாக எழுதி வைத்திருக்கிறார்!

விட்டுப்போன ஆண்டுக்குப் பிறகு ஐடிஆர்-யு போட்டுக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது.

நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காலை 9 மணிக்கு வருகைப் பதிவு, லீவுக்கு அனுமதி, வேலையை மேற்பார்க்க ஓர் ஆள். இவ்வளவும் வைத்துக்கொண்டு அவரை "கன்சல்டன்ட்" என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? மாதம் 18,000 வாங்கும் லேப் டெக்னீஷியனை இப்படி எழுதினால் 21,000 வரை சம்பளம் வாங்குவோருக்கான இஎஸ்ஐ அவருக்குப் போச்சு. பிஎஃப் போச்சு. கர்ப்பமானால் 26 வாரச் சம்பள விடுப்பும் போச்சு. காகிதத்தில் போட்ட பெயரை வைத்து மட்டும் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. கேள்வி கேளுங்கள்.

அடுத்து, டாலரில் வந்தால் வரி இல்லை என்ற கதை. நீங்கள் இந்தியாவில் வசித்தால் உலகில் எங்கிருந்து வந்தாலும் வருமானம் வருமானம்தான். ஏற்றுமதிச் சேவைக்கு ஜிஎஸ்டி பூஜ்ய விகிதம் என்பதைப் பாதி கேட்டுவிட்டு யாரோ கிளப்பியது. ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாட்டில் சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக வரும். ஏற்றுமதி வரவும் அதில் சேரும்.

"அரசுச் சம்பளக்காரன் நீ, உனக்கென்ன"ன்னு கமெண்ட்டில் வருவீர்கள். வாருங்கள். என் சம்பளத்தில் கைக்கு வரும் முன்பே வரி பிடித்தாகிவிடுகிறது. எனக்கு ஒளிக்க வழியில்லை என்பதால் சொல்லவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் 60,000 வாங்கும் ஃப்ரீலான்சருக்கு அது கிடையாது. முதலாளி இல்லாததால் இஎஸ்ஐயும் கிடையாது. சொந்தமாக மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்தால்தான் உண்டு. குடும்பத்துக்குப் பெரிய தொகைக்கு டேர்ம் பாலிசி கேட்டால் அவர்கள் முதலில் கேட்பதும் ஐடிஆர். இவ்வளவு பாதுகாப்பில்லாத இடத்தில் நிற்கும் உங்களைத்தான் ஆதாரமும் இல்லாமல் நிற்கச் சொல்கிறார்கள்.

காப்பீட்டு அட்டைக்கு ஒரு வருமானம், வீட்டுக் கடனுக்கு ஒரு வருமானம், வரிக்கு ஒரு வருமானம் என்று மூன்று பிறவி எடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அது தனிப் பதிவு.

இன்று இரவே வருமான வரி இணையதளத்தில் நுழைந்து உங்கள் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரில் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். உங்கள் தொழில் 44ஏடிஏ பட்டியலில் வருமா என்று சந்தேகம் இருந்தால் ஆடிட்டரிடம் போங்கள். பக்கத்து வீட்டு அண்ணனிடம் போகாதீர்கள்.