பின்விளக்கைக் கறுப்பாக்கும் அழகு



நமது சங்கங்களில் பல இப்பொழுது சொந்தமாக வாகனம் வைத்திருக்கின்றன. நூல் மூட்டைகளை ஏற்றி வரவும், நெய்த சேலைகளையும் வேஷ்டிகளையும் விற்பனை நிலையத்துக்கு அனுப்பவும், உரத்தையும் விளைபொருள்களையும் சுமக்கவும் லாரியோ சிறு சரக்கு வண்டியோ இன்றியமையாததாகிவிட்டது. அங்கத்தினர்களிலும் லாரி, டிராக்டர் உடையவர்கள் அநேகர். ஆகவே, வரவு செலவைப் பற்றி எழுத வேண்டிய ஓர் இன்ஸ்பெக்டர் வாகனத்தின் பின்விளக்கைப் பற்றி எழுதத் துணிவதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். விஷயம் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நெசவாளர் சங்கத்தின் சில்லறைச் செலவு வவுச்சர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “வண்டி பின்விளக்கு அலங்காரம், ரூ. 450” என்று ஒரு வவுச்சர் இருந்தது. ரசீது இருந்தது, தொகை சரியாக இருந்தது, தலைவரின் கையொப்பமும் இருந்தது. நான் பச்சை மையால் குறியிட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டினேன். அந்த அலங்காரம் என்னவென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சங்கத்தின் சிறு லாரியை ஓட்டிய இளைஞர், இரண்டு டப்பா கறுப்புச் சாயம் வாங்கித் தம் வீட்டு வாசலிலேயே பின்விளக்குகளின்மேல் பீச்சியடித்திருந்தார் என்பது பின்னர்தான் தெரிந்தது.

அவ்வாண்டு மார்கழியில் ஒருநாள் இருட்டிய பிறகு, அந்த லாரி நூல் இறக்குவதற்காக ஊர் எல்லையில், பாதித் தார்ச்சாலையிலும் பாதி மண்ணிலுமாக நின்றது. பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அச்சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர் மொபெட்டில் வீடு திரும்பியவர், அதன்மேல் நேராக மோதினார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலது பாதம் நொறுங்கிவிட்டது. பள்ளத்தறியில் உட்காருகிறவனுக்குக் கையைப் போலவே காலும் மூலதனம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிதியை மாற்றி மாற்றி மிதித்தால்தான் ஊடை ஓடும். அவர் தறி மாதக்கணக்கில் நின்றது. கூலி நின்றது, சங்கத்தில் வாங்கிய கடனுக்குத் தவணையும் நின்றது. 450 ரூபாய்ச் செலவு சரியென்று குறியிட்டவர்களில் நானும் ஒருவன் என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

இளைஞர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்? விளக்கின் சிவப்பு மூடியைச் சோப்பு நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, கறுப்புச் சாயத்தை இரண்டு மூன்று பூச்சாக அடிக்கிறார்கள். வேறு சிலர் கறுப்பு ஸ்டிக்கரை வெந்நீரால் இளக்கி வளைத்து ஒட்டுகிறார்கள். “வெளிச்சம் தெரிகிறதே” என்று வாசலில் நின்று காட்டவும் செய்கிறார்கள். பத்தடி தூரத்தில், வேறு வெளிச்சமில்லாத வாசலில், எந்த விளக்கும் தெரியத்தான் தெரியும். சாலையில் எதிரே வரும் வண்டியின் முன்விளக்கு கண்ணைக் கூச வைக்கும், பனி மூடும், மழை பெய்யும், புழுதி எழும். அங்கேதான் விளக்குக்குப் பரீட்சை.

நெசவாளருக்கு இது சாயத் தொட்டியின் கணக்கு. ஒரு முக்கு முக்கினால் ஒரு நிறம், மறுபடி முக்கினால் அதைவிட அடர்த்தி. விளக்கின்மேல் பூசும் சாயமும் அவ்வாறே. ஒரு பூச்சு, வரும் வெளிச்சத்தில் பாதியை மட்டும் வெளியே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பூச்சு அந்தப் பாதியிலும் பாதியை விழுங்கும். மிஞ்சுவது காற்பங்கு.

இதைவிட முக்கியமான வேறொன்று உண்டு. பல பின்விளக்குகளின் மூடியிலேயே பிரதிபலிப்பான் அமைந்திருக்கும். வண்டி பழுதாகி விளக்கு அணைந்து நின்றாலும், பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பி எச்சரிக்கும். அந்த வெளிச்சம் கறுப்புப் பூச்சை இருமுறை கடக்க வேண்டும். உள்ளே போகும்பொழுது ஒருமுறை, வெளியே வரும்பொழுது ஒருமுறை. ஆகவே, பாதி வெளிச்சத்தை விடும் ஒரே பூச்சு, பிரதிபலிப்பானைக் காற்பங்காக்கிவிடுகிறது. இரண்டு பூச்சானால் பதினாறில் ஒரு பங்குதான் திரும்பும். விளக்கு எரியாத நேரத்தில் காக்க வேண்டிய காவலாளியின் கண்ணை இவ்வாறு நாமே கட்டிவிடுகிறோம்.

பிரேக் விளக்கின் கதை இன்னும் மோசம். பல வண்டிகளில் பின்விளக்குக்கும் பிரேக்குக்கும் ஒரே பல்புதான். அதனுள் இரண்டு இழைகள். ஓர் இழை 5 வாட், மற்றது 21 வாட். பிரேக்கை மிதித்ததும் திடீரென்று பெருகும் பிரகாசத்தைக் கண்டுதான் பின்னால் வருபவர் தம் வேகத்தைக் குறைக்கிறார். கறுப்புப் பூச்சு அந்த 21 வாட் இழையைச் சாதாரண 5 வாட் இழையைப் போலக் காட்டுமானால், “நிற்கிறேன்” என்று வண்டி சொல்வது “போகிறேன்” என்று அவர் காதில் விழும். பட்டப்பகல் வெயிலிலோ அதுவும் விழாது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கின்றன. ஏன் இவ்வளவு தூரம்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. 155 மீட்டரைக் கடக்க 9 விநாடி ஆகும். யோசிக்கவும், பிரேக் போடவும், விலகவும் அந்த அவகாசம் போதும். கறுத்த விளக்கு 50 மீட்டரில்தான் தெரிகிறது என்றால், கிடைப்பது 3 விநாடி. கண்டு, புரிந்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோவதிலேயே ஒன்றரை விநாடி போய்விடும். மிச்சமுள்ள தூரத்தில் பாரம் ஏற்றிய வண்டி நிற்குமா? அனுபவமுள்ள எந்த டிரைவரையும் கேளுங்கள்.

“என் வண்டி, என் விருப்பம்” என்பார் சிலர். முன்விளக்கைப் பற்றி அப்படிச் சொன்னாலாவது ஓரளவு பொருள் உண்டு. அது ஓட்டுகிறவருக்கு வழி காட்டுவது. பின்விளக்கோ முழுக்க முழுக்கப் பிறருக்காக ஏற்றப்படுவது. அதன் வெளிச்சத்தில் வண்டிக்காரர் ஓரடிகூடப் பார்ப்பதில்லை. தன் நலத்தோடு பிறர் நலத்தையும் பிணைப்பதுதான் கூட்டுறவு என்றால், வாகனத்தில் உள்ள உறுப்புகளில் கூட்டுறவுத் தத்துவத்துக்கு மிக நெருக்கமானது பின்விளக்குதான். திருஷ்டிக்குக் கறுப்பு வேண்டுமென்றால், கறுப்புக் கயிறு கட்ட லாரியில் வேறு இடமா இல்லை?

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 2019-ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு உண்டு என்று விதித்தது. உரிமையாளர் யார்? சங்கத்தின் லாரிக்குச் சங்கமே உரிமையாளர். டிரைவரின் ஆசைக்கு அங்கத்தினர்களின் பங்குத்தொகை ஈடு கட்ட நேரும்.

விவசாய அன்பர்கள் இதெல்லாம் தமக்கல்ல என்று இருந்துவிட வேண்டாம். சாயம் பூசாமலே பின்விளக்கை மறைக்கும் வழிகள் நம்மிடம் உண்டு. வயலிலிருந்து ஏறி வரும் டிராக்டர் டிரெயிலரின் விளக்கைச் சேறு மூடியிருக்கும். கரும்புத் தோகையும் வைக்கோலும் பின்னால் தொங்கி மறைக்கும். விளக்கே இல்லாத டிரெயிலர்களும் ஓடுகின்றன. வேண்டுமென்று பூசிய கறுப்புக்கும் கவனியாமல் விட்ட சேற்றுக்கும், பின்னால் வருபவரின் கண்ணில் வித்தியாசம் இல்லை.

நிர்வாகக் குழுவினர் ஆலோசனைக்குச் சிலவற்றை வைக்கிறேன். சங்க வாகனத்தின் விளக்குகளில் எவ்வித மாற்றமும் கூடாதென்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஒட்டிய ஸ்டிக்கரை உரித்துவிடலாம். பூசிய சாயத்தைத் தின்னர் கொண்டு துடைக்க முயல வேண்டாம். பிளாஸ்டிக் மூடி மங்கிப் பாழாகும். புது மூடியே மாற்றுவது நல்லது. வண்டியின் பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பு நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாலையில் புறப்படுமுன் ஈரத்துணியால் விளக்குகளைத் துடைப்பதும், ஒருவர் பிரேக்கை மிதிக்க மற்றொருவர் பின்னால் முப்பது தப்படி போய் நின்று பார்ப்பதும் இரண்டு நிமிஷ வேலை. இளைஞரான டிரைவர்களைக் கடிந்துகொள்வதைவிட, இருட்டிய பிறகு அவர்களையே அந்த இடத்தில் நிற்க வைத்துக் காட்டுங்கள். பலன் கிடைக்கும்.

என் பங்குக்கு நானும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். வாகனமுள்ள சங்கத்துக்கு ஆய்வுக்குச் சென்றால், புத்தகங்களைத் திறக்குமுன் கொட்டகைக்குப் போய் வண்டியின் பின்னால் நின்று பார்க்கிறேன். காரியதரிசிகள் சிலர் வியப்பாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அந்த அங்கத்தினர் இப்பொழுது மறுபடியும் தறியில் உட்காருகிறார். ஆனால் முன்பு இரண்டு நாளில் முடித்த சேலைக்கு இப்பொழுது நான்கு நாள் ஆகிறது. அவருடைய கூலிப் பட்டியலைச் சரிபார்க்கும்போதெல்லாம், அன்று நான் கேளாமல் விட்ட ஒரு கேள்வியின் விலை எனக்கு நினைவுக்கு வருகிறது. உங்கள் சங்கத்தில் அக்கேள்வியை இன்றே கேட்டுவிடுங்கள்.