சைக்கிளில் போனவரின் சாவுக்கும் ஒரு விசாரணை வேண்டும்

இந்த நாட்டில் ஒரு தாய் பிள்ளைப்பேற்றிலோ அதையொட்டியோ இறந்தால் அந்த மரணத்தை யாரும் சும்மா விடுவதில்லை. வைத்தியசாலையில் விசாரணை, களத்தில் விசாரணை, மாவட்ட மட்டத்தில் விசாரணை. கடைசியில் கொழும்பில் குடும்ப சுகாதாரப் பணியகத்தில் நிபுணர்கள் கூடி ஒவ்வொரு மரணத்தையும் மறுபடி பிரித்துப் பார்ப்பார்கள். ஆளைப் பிடித்துத் தண்டிக்க அல்ல. எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்று கண்டுபிடிக்க.

சைக்கிளில் போன ஒருவரை வாகனம் அடித்து அவர் செத்தால்? பொலிஸ் வந்து நாடா பிடித்து அளக்கும். திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். சாரதியை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். பத்திரிகையில் நாலு வரி வரும். அதோடு சரி. அந்த வளைவு, அந்த இருட்டு, அந்தத் தார் விளிம்பு எல்லாம் அடுத்த ஆளுக்காக அப்படியே கிடக்கும்.

நான் வாழைச்சேனைப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். சனம் கூப்பிடுவது மிஸ்ஸி என்றுதான். வேலைக்குச் சேர்ந்தபோது லுமாலா சைக்கிள், பிறகு ஸ்கூட்டி. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது மறுபடியும் சைக்கிள். அதனால் சைக்கிள்காரர் மோட்டார்காரரைப் பற்றிச் சொல்வதும் தெரியும், மோட்டார்காரர் சைக்கிள்காரரைப் பற்றிச் சொல்வதும் தெரியும். இரண்டு பக்கமும் நின்று ஏசியிருக்கிறேன், ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

முதலில் எங்கள் ரோட்டைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு – திருகோணமலை வீதி, ஏ15. கிரான், கும்புறுமூலை தாண்டி வாழைச்சேனை, பிறகு ஓட்டமாவடிப் பாலம். பாலத்துக்கு அங்கால் பொலன்னறுவைப் பக்கம் போகும் ஏ11 பிரிகிறது. முன்பு ஓட்டமாவடியில் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தால்தான் போய்வந்தன. பாலம் ஒடுக்கம், ரோட்டெல்லாம் கிடங்கு, யுத்த காலத்தில் போதாக்குறைக்குச் சோதனைச் சாவடி. யாரும் நினைத்தாலும் வேகமாகப் போக முடியாது. யுத்தம் முடிந்து புதுப் பாலம் வந்தது, காபட் ரோட்டு வந்தது. நல்ல காரியம்தான். பிள்ளைத்தாச்சியை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றிப் போகும் நேரம் எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரியும். அந்த ரோட்டை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த ரோட்டைப் போட்டவர்கள் ஊடறுத்துப் போகிறவர்களை நினைத்துப் போட்டார்கள். ஊருக்குள் இருக்கிறவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

விடியப்புறம் இந்த ரோட்டில் நின்று பாருங்கள். துறைமுகத்திலிருந்து மீன் வியாபாரிகள் கரியரில் ரெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு உழக்குவார்கள். பெட்டி ஹாண்டிலைவிட அகலம். அதே நேரத்தில்தான் கொழும்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்றுக்குப் போகும் இரவு பஸ்கள் இந்தப் பக்கம் வந்து சேரும். சாரதி இரவு முழுக்கக் கண் விழித்து ஓட்டியவர். ஒருவருக்கு மீன் பழுதாகுமுன் விற்க வேண்டும், மற்றவருக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இருவரும் பிழைப்புக்காக ஓடுகிறவர்கள்தான். ஒருவரைச் சுற்றி இரும்பு இருக்கிறது, மற்றவரைச் சுற்றிக் காற்றுத்தான் இருக்கிறது.

பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள். பின்னேரம் டியூசன் பிள்ளைகள். இரவில் பாசிக்குடா ஹோட்டல்களில் வேலை முடித்து வரும் பொடியன்மார். இவ்வளவு பேரும் ரோட்டின் எந்தப் பகுதியில் போகிறார்கள்? வெள்ளைக் கோட்டுக்கும் கிரவலுக்கும் இடையில் கிடைக்கிற கொஞ்ச இடத்தில்.

அந்த இடமும் எப்போதும் கிடைப்பதில்லை. பெரும்போக அறுவடை வந்தால் அதில் நெல் காயும். இரவில் கட்டாக்காலி மாடுகள் சூடு தேடி வந்து படுக்கும். சந்தைப் பக்கம் ஓட்டோவும் பட்டாவும் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் விலகி சைக்கிள் ரோட்டுக்குள் ஏற வேண்டும். பின்னால் வருகிறவர் நினைப்பார், இந்தக் கிழவன் ஏன் நடு ரோட்டுக்கு வாறான் என்று.

தார் விளிம்பைப் பற்றி, கார் ஓட்டுகிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். காபட் போட்டுப் போட்டு ரோட்டு உயர்ந்துவிட்டது, கரை மழையில் அரித்துக்கொண்டு போய்விட்டது. பல இடங்களில் நாலு விரல் உயரம் இறக்கம். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் சைக்கிள்காரர் கிரவலுக்கு இறங்குகிறார். இறங்குவது லேசு. மறுபடி ஏறும்போதுதான் ஆபத்து. முன்சில்லு விளிம்போடு ஒட்டி உரசும், ஏறாது. ஹாண்டிலைத் திருப்பினாலும் சில்லு அங்கேயே இழுபடும், உடம்பு மட்டும் ரோட்டுப் பக்கம் சரியும். அதாவது அவர் விழுவது வாகனம் வருகிற பக்கத்துக்கு. பெரிய பஸ்ஸொன்று உரசிக்கொண்டு போகும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், பஸ் கடந்த கையோடு உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் அவர் விளிம்பில் இருந்தால் மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. எனக்கும் ஒருமுறை வான் ஒன்றின் பக்கக் கண்ணாடி தோளில் அடித்தது. கிளினிக் பதிவேடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வான் நிற்கவில்லை.

மோட்டார்காரர்களின் குறையையும் மறைக்கக் கூடாது. சைக்கிளில் லைட் இல்லை, பின்னால் மின்னும் சிவப்புத் தகடு இல்லை, பெல் இல்லை என்பார்கள். உண்மை. சமாந்தரமாக மூன்று பேர் கதைத்துக்கொண்டு போவார்கள். அதுவும் உண்மை. ஆகப் பெரிய குற்றச்சாட்டு, திரும்பிப் பார்க்காமல் சட்டென்று வலப்பக்கம் கிறுகுவது. அதற்காக ஒரு முதியவரை நானே நிறுத்திக் கேட்டேன், "அப்பா, பின்னுக்குப் பார்த்துக் கிறுகினா என்ன?" அவர் சொன்னார்: "மிஸ்ஸி, தலையத் திருப்பினா சைக்கிளும் அந்தப் பக்கம் போகுது. பார்த்தாலும் சாவு, பார்க்காட்டியும் சாவு."

கேலியில்லை, அதுதான் நிலைமை. வயதான கழுத்து, பாரம் ஏற்றிய கரியர், பக்கக் கண்ணாடி இல்லாத ஹாண்டில். டைனமோ லைட்டும் அப்படித்தான். சைக்கிள் நின்றால் லைட்டும் அணைந்துவிடும். ஆகவே ரோட்டைக் கடக்கக் காத்து நிற்கிற நேரத்தில், அதாவது வெளிச்சம் கட்டாயம் தேவைப்படும் நேரத்தில், அவர் இருட்டில் நிற்கிறார். எதிரே வருகிறவர் ஹெட் லைட்டைத் தாழ்த்தாவிட்டால் யாருக்கும் அவர் தெரியமாட்டார்.

ஆகவே இரண்டு பக்கமும் பிழை விடுகிறார்கள் என்பது சரி. அதனால் இரண்டு பக்கமும் சமம் என்று சொல்வது சரியில்லை. சைக்கிள்காரர் விடும் பிழைக்கு அவர் சாகிறார். மோட்டார்காரர் விடும் பிழைக்கும் அவர்தான் சாகிறார்.

வேகக் கணக்கு எல்லோருக்கும் விளங்கக்கூடியது. எழுபதில் ஓடும் வாகனம் ஒரு வினாடிக்கு 19 மீற்றர் போகும். கண் கண்டு கால் ப்ரேக்குக்குப் போக ஒரு வினாடியாவது எடுக்கும். அதற்குள் கிட்டத்தட்ட இரண்டு பஸ் நீளம் கடந்துவிட்டது, ப்ரேக் இன்னும் பிடிக்கவேயில்லை. முப்பதில் அதே வினாடிக்கு 8 மீற்றர்தான். மோதுகிற பலமோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு. ஆட்களும் சைக்கிளும் வாகனமும் கலந்து போகும் இடங்களில் முப்பதுக்கு மேல் வேண்டாம் என்று 2020இல் ஸ்டொக்ஹோமில் நாடுகள் கூடி எடுத்த பிரகடனம் சொல்வது இதனால்தான். இங்கே சனம் நெருக்கமான இடத்தில் கார்களுக்கு 50, வெளியே 70 என்பது சட்டம். பள்ளிக்கூட வாசலில் கூட அந்த ஐம்பதை மதிக்கிறவர் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

உலகத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து போகிறவர்கள், சைக்கிளில், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். இலங்கையில் வருடத்துக்கு 2000 பேருக்கு மேல். தாய்மரணமோ இப்போது வருடத்துக்கு நூறை ஒட்டியே இருக்கிறது. 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2000க்கு மேல் தாய்மார் செத்த நாடு இது. பிள்ளைப்பேறென்றால் அப்படித்தான், விதி என்று அன்றைக்கும் சொன்னார்கள். விதியென்று விட்டிருந்தால் இன்றைக்கும் செத்துக்கொண்டுதான் இருப்பார்கள். வீட்டுக்கு வீடு மருத்துவமாதை அனுப்பினார்கள், வைத்தியசாலைகளைக் கட்டினார்கள், பிறகு ஒவ்வொரு சாவையும் எண்ணி, ஏன் என்று கேட்டார்கள். வீட்டில் முடிவெடுக்கத் தாமதமா, வாகனம் கிடைக்கத் தாமதமா, வைத்தியசாலையில் கவனிக்கத் தாமதமா என்று பிரித்துப் பார்த்தார்கள். கிடைத்த பதிலை வைத்து வேலை முறையை மாற்றினார்கள். நான் வேலை பழகியது அந்த முறைக்குள்தான்.

வீதியிலும் இதைச் செய்யலாம் என்பதற்கு நெதர்லாந்து சாட்சி. இன்றைக்குச் சைக்கிள் நாடென்று பேரெடுத்த அந்த நாட்டில் 1971இல் 3300 பேர் வீதியில் செத்தார்கள், அதில் 400க்கு மேல் பிள்ளைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 'பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்து' என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயரே. அதற்குப் பிறகுதான் அங்கே சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் பெருகின. ஜெர்மனியில் சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் ஒன்றரை மீற்றர், ஊருக்கு வெளியே இரண்டு மீற்றர் விட வேண்டும் என்று 2020இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கல்லடியில் 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு, பழைய பாலத்தில் சனம் நடந்தும் சைக்கிளிலும் பயமில்லாமல் போகிறது. இடத்தைப் பிரித்துக் கொடுத்தால் சண்டையில்லை என்பதை எங்கள் மாவட்டமே காட்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமில்லை. வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பகுதியில் நடையிலோ சைக்கிளிலோ போன ஒருவர் வீதியில் இறந்தால், ஒரு மாதத்துக்குள் அந்த இடத்தில் நாலு தரப்பு சேர்ந்து நிற்க வேண்டும்: பொலிஸ் போக்குவரத்துப் பிரிவு, வீதி அபிவிருத்தி அதிகாரசபை, பிரதேச சபை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. வழக்கை நீதிமன்றம் பார்க்கட்டும். இவர்கள் கேட்க வேண்டியது வேறு. வெளிச்சம் இருந்ததா? விளிம்பு எவ்வளவு உயரம்? கரையில் நெல்லோ வாகனமோ கிடந்ததா? வேகம் என்ன? அம்புலன்ஸ் எப்போது வந்தது? பதிலை எழுதி, யார் எதை எந்தத் திகதிக்குள் செய்வது என்று முடிவெடுத்து, பிரதேச செயலகத்தில் எல்லோரும் பார்க்க ஒட்ட வேண்டும்.

அதற்கு முன்னமே செய்யக்கூடியவையும் உண்டு. கும்புறுமூலையிலிருந்து ஓட்டமாவடிப் பாலம் வரை கரையை ரோட்டு மட்டத்துக்கு நிரப்பலாம். நெல் காயப் போட விவசாயிகளுக்குத் தளம் கட்டிக் கொடுக்கலாம். தளம் இல்லாமல் அவர்களை விரட்டுவது நியாயமில்லை. மாட்டுச் சொந்தக்காரருக்குத் தண்டம் அறவிடலாம். சைக்கிள் கடைக்காரர்களும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் சேர்ந்தால், பின் மட்காட்டில் மின்னும் சிவப்புத் தகடு இல்லாத சைக்கிள் எங்கள் பகுதியில் இல்லை என்று செய்துவிடலாம். அதன் விலை ஒரு தேத்தண்ணிக் காசுக்கு மேல் பெரிதாக வராது.

காலமும் அதிகம் இல்லை. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். ரோட்டில் வாகனம் கூடும், ரோட்டு அகலாது. எரிபொருள் இல்லாத காலத்தில் நாட்டைத் தூக்கி ஓட்டியது சைக்கிள்தான் என்பதை அதற்குள் மறந்துவிட்டோம்.

கோறளைப்பற்றிலும் கோறளைப்பற்று மேற்கிலும் 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வாக்குப் போட வந்தவர்களில் எத்தனை பேர் சைக்கிளில் வந்தார்கள் என்று யோசியுங்கள். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த விசாரணைக் குழுவை ஒரு விடயமாகச் சேர்த்து, கடைசியாக இந்த வீதியில் சைக்கிளில் போய் இறந்தவரின் மரணத்திலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.