ஊசுட்டேரியில் யார் பங்குதாரர்?

சுற்றுலா பற்றி அரசாங்கம் எந்தத் திட்டம் போட்டாலும் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும். "உள்ளூர் மக்களின் பங்களிப்புடன்..." என்று. பி.காம். படிக்கிறவனுக்கு அந்த வரியைப் பார்த்ததும் 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம்தான் ஞாபகம் வரும். ஒரு தொழிலின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டவர்களுக்கு இடையே உள்ள உறவுதான் கூட்டாண்மை என்கிறது 4-ஆவது பிரிவு. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற உரிமை ஒவ்வொரு கூட்டாளிக்கும் உண்டு என்கிறது 12-ஆவது பிரிவு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நட்டமும் சமம், இது 13. (பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது இப்படியாவது உதவட்டும் :-))

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்து ஏரியைப் பார்ப்போம்.

ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூர் வழியாக வடக்கே போனால் ஊசுட்டேரி. சுமார் 800 ஹெக்டேர். ஏறக்குறைய பாதி புதுச்சேரியில், மீதி விழுப்புரம் மாவட்டத்தில். தன் பகுதியைப் புதுச்சேரி அரசு 2008-இல் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு தன் பகுதியைப் பிறகுதான் அறிவித்தது. பறவைக்கு எல்லைக் கோடு தெரியாது, நமக்குத் தெரிந்துகொள்ளச் சில வருஷம் ஆகியிருக்கிறது!

போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை அங்கே போனேன். நாமக்கோழிகள் தண்ணீரில் கறுப்புப் புள்ளிகளாக மிதந்தன. கூழைக்கடா கொஞ்சம் தள்ளி. கரையோரம் டீ போட்டுக் கொடுத்த அம்மா கேட்டார்: "தினம் யாராவது கேமராவ மாட்டிக்கினு வர்றாங்க தம்பி. பறவைய பாக்கறாங்க, போறாங்க. எங்களுக்கு என்னா அதுல?" எட்டு ரூபாய் டீக்கு பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பிரச்சினையின் முடிச்சு எங்கே என்றால், காலண்டரில். வலசைப் பறவைகள் வடகிழக்குப் பருவமழையோடு வந்து கோடை தொடங்கும்போது கிளம்புகின்றன. புதுச்சேரிக்குச் சென்னை, பெங்களூர்க் கூட்டம் குவிவதும் அதே டிசம்பர், ஜனவரியில்தான். படகு விட்டால் காசு வரும் மாதமும், படகே விடக்கூடாத மாதமும் ஒன்று! சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இந்த ஏரியில் படகுக் குழாம் நடத்தியிருக்கிறது. மோட்டார் சத்தத்துக்குப் பறவை எழும்பிப் பறந்தால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவந்து தேற்றிக்கொள்ளும் கொழுப்பு அதில் கரைகிறது. ஆகவே படகை நிறுத்து என்று சொல்லிவிடலாம், சரிதான். ஆனால் அந்த நட்டம் யாருடையது? நிறுத்தச் சொல்கிற வனத்துறைக்கு நட்டமில்லை. சுற்றுலாத் துறைக்கும் பெரிய வித்தியாசமில்லை, அதற்குச் சுண்ணாம்பாறு இருக்கிறது. சுண்டல் விற்கிறவருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும்தான் நட்டம். லாபத்தில் பங்கில்லாதவர் நட்டத்தில் மட்டும் கூட்டாளி!

இதற்கு அசல் உதாரணம் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடி சரணாலயப் பறவைகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் பல வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை நன்றி சொல்லி இனிப்பு கொடுக்கிறது. அந்த மக்களின் மனசு பெரிசு, சந்தேகமே இல்லை. ஆனால் நான் கணக்குப் பிள்ளை மாதிரிதான் கேட்பேன்: ஒரு ஊர் பல வருஷமாகப் போட்ட முதலுக்கு லாபப் பங்கு ஒரு பொட்டலம் இனிப்பா?

வேடந்தாங்கலில் கணக்கு நேராக இருந்தது. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை நிறைய வந்தால் நெல் நிறைய விளையும். அதனால்தான் 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அங்கே பறவைகளுக்குப் பாதுகாப்பு கொடுப்பதற்கு முன்பே ஊர் அவற்றைக் காப்பாற்றி வந்தது. ஊசுட்டேரியைச் சுற்றி மனைகள் பெருகிவிட்ட காலத்தில் எச்சத்தை நம்ப முடியாது, அந்தப் பங்கைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும்.

முடியுமா? தேக்கடியில் முடிந்திருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 'வயனா' என்ற காட்டுப்பட்டையைத் திருட்டுத்தனமாக வெட்டிக்கொண்டிருந்தவர்களை, 1990-களின் பிற்பகுதியில் உலக வங்கி உதவியோடு நடந்த திட்டத்தில் ஒரு குழுவாகச் சேர்த்து, சுற்றுலா வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கினார்கள். காட்டின் ஒவ்வொரு சந்தும் தெரிந்தவன் திருடன்தானே! வெளிப்பணம் நின்றதும் திட்டம் படுத்துவிடாமல் இருக்க 2004-இல் பெரியாறு அறக்கட்டளை தொடங்கி, பயணிகளிடம் தனியாக ஒரு கட்டணம் வாங்கி அதற்குக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது பகுதி. திருந்திய கதையை எல்லோரும் எழுதுவார்கள், மேல்கட்டணத்தை யாரும் எழுதுவதில்லை.

"ஊர்க்காரனிடம் பணம் கொடுத்தால் அவனே வலை போட்டுப் பறவை பிடிப்பான்" என்று என் நண்பன் ஒருவன் வாதாடினான். பிடிக்கிறவர்கள் இருக்கலாம். ஆனால் இன்று பறவை உயிரோடு இருந்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது? பூஜ்யம். செத்தால் ஒரு வேளைக் குழம்பு. இந்த வித்தியாசத்தை மாற்றாமல் காவலரை மட்டும் அதிகமாக்கினால் சம்பளச் செலவுதான் ஏறும்.

ஊசுட்டேரிக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மாநிலத்துக்கும் ஒரே சீட்டு, அதில் ஒரு பங்கு கரையோர ஊர்களின் சங்கத்துக்கு. பறவைக் காலத்தில் மோட்டார் படகு கூடாது. அந்த மாதங்களில் படகை நம்பியிருப்பவர்களுக்கு வழிகாட்டி வேலையும் சம்பளமும் சீட்டுப் பணத்திலிருந்தே. புவிசார் குறியீடு வாங்கிய வில்லியனூர் சுடுமண் பொம்மைகளுக்கு, கமிஷன் பிடிக்காத ஒரு கடை அங்கே வேண்டும். வருஷம் ஒரு முறை வரவு செலவை ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். இந்தக் கடைசி ஒன்றைத்தான் அதிகாரிகள் ரொம்ப எதிர்ப்பார்கள் என்று நினைக்கிறேன். மற்றதற்கெல்லாம் குழு போடுவார்கள்.

அடுத்த மார்கழியில் அந்த டீக்கடைக்குத் திரும்பப் போவேன். அந்த அம்மா மறுபடி கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.