டேங்க் அடியில் ஒரு டம்ளர் தண்ணி!

அம்பத்தூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லாரி பற்றிய ஒரு செய்திக்காக, தொழிற்பேட்டை பக்கம் டீசல் பம்ப் சரிசெய்யும் பட்டறைக்குப் போயிருந்தேன். மேஜையில் பிரித்துப் போட்டிருந்த ஒரு பம்ப் மட்டும் உள்ளே துருவேறிக் கிடந்தது. "இது லாரியோடது இல்ல தம்பி. காசிமேட்டு போட்டோடது" என்றார் மெக்கானிக் அண்ணன்.

விசைப்படகின் உள்ளே பொருத்தியிருக்கும் டீசல் இன்ஜின், லாரி இன்ஜினுக்குப் பங்காளி முறை. அசோக் லேலண்ட் லாரி இன்ஜின் ரகத்தைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றித்தான் பல படகுகளில் ஓட்டுகிறார்கள். அதனால்தான் ரிப்பேருக்கு இவ்வளவு தூரம் வருகிறது.

பம்ப் ஏன் துருப்பிடித்தது? தண்ணீர்!

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். (2017-க்கு முன்பு 45 நாள்தான்.) அத்தனை நாளும் அரை டேங்க் டீசலோடு படகு நின்றால், மீதி இடத்தில் இருக்கும் ஈரக்காற்று ராத்திரியில் குளிர்ந்து நீர்த்துளியாகிறது. தண்ணீர் டீசலைவிட கனம் என்பதால் அடியில் தங்கிவிடும். அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து, கொழகொழவென்று பாசிபோல ஃபில்டரை அடைக்கும். பம்ப்புக்குள் பிளஞ்சருக்கு இருக்கும் இடைவெளியோ 2, 3 மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை! அதற்கு உயவு எண்ணெயே டீசல்தான். டீசலுக்குப் பதில் தண்ணீர் போனால் கீறல், துரு, கடைசியில் நடுக்கடலில் இன்ஜின் ஆஃப். இன்னொரு படகு வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை அலையில் ஆடவேண்டியதுதான்.

இதைத் தடுக்க, நிறுத்தும்போதே டேங்கை நிரப்பிவிட வேண்டும். திரும்ப ஸ்டார்ட் பண்ணும் முன் டேங்க் அடியிலும், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் அடியிலும் இருக்கும் திருகைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்து, கொஞ்ச நேரம் அப்படியே வைக்க வேண்டும். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தெரியும். சுத்தமான டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். ஃபில்டர் மாற்றினால் உள்ளே காற்று புகுந்திருக்கும். காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அடித்து, குமிழி நின்றபிறகு இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் செல்ஃப் அடித்து பேட்டரியைக் காலி பண்ணுகிறவர்கள்தான் அதிகமாம்.

நாசில் சோதனையைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று எட்டினேன். அண்ணன் பதறி என் கையைத் தட்டிவிட்டார். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்.

"போட்டு மட்டுமா? மாசத்துல ஒருநாள்கூட ஓடாத ஜெனரேட்டருக்கும் இதே கதிதான்" என்று வழியனுப்பினார்.

ஆவடியில் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்ட்டுக்கு வந்ததும், ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாவிடம், டேங்க்கில் கடைசியாக எப்போது தண்ணீர் வடித்தீர்கள் என்று கேட்டேன்.

"அதுல அப்படி ஒரு திருகு இருக்கா தம்பி?" என்றார்.