வலிப்பு நின்றது, குளிசையை நிறுத்தலாமா?

மாடு புகவில்லையென்று வேலியைப் பிடுங்கும் கமக்காரன் உண்டா? ஆயினும், வலிப்பு வரவில்லையென்று குளிசையை நிறுத்துவோர் நம்மிடையே உளர். 1938இல் பயனறியப்பட்ட பெனிற்றோயின் முதலியவை நோயை வேரோடு களைவன அல்ல. மூளை நரம்புகளின் மிகையான மின்கிளர்ச்சியை அடக்கி வைப்பனவே. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு மூண்டு உயிரையே பறிக்கக்கூடும். குறைப்பதாயினும் வைத்தியர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். வல்புரோயேற் உட்கொள்ளும் பெண்கள் கருவுறுமுன்பே அவரிடம் ஆலோசனை பெறுதல் அவசியம். அம்மருந்து சிசுவின் அவயவங்களையும் அறிவையும் பாதிக்கவல்லது. முறையான சிகிச்சையால் நூற்றுக்கு 70 பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மருந்து நிற்பது நோயாளியாலாயினும் தட்டுப்பாட்டாலாயினும் விளைவு ஒன்றே. ஆதலின், கிராம வைத்தியசாலைகளில் இக்குளிசைகள் ஒருநாளேனும் தீர்ந்துபோகாமற் காப்பது அரசின் கடமை. நாம் கேட்பது சலுகையன்று, உரிமை.