வழியறிதலும் வாய்திறத்தலும்

தேசப்படத்தையும் காந்தமுள்ளையும் கைக்கொண்டு, முன்பின் அறியாத நிலத்திலே அறுவராய்ச் சேர்ந்து வழிகண்டு செல்லும் பயிற்சியை நம் கல்லூரியிலே தேசிய மாணவர் படையைச் சார்ந்தார் மட்டுமே பெறுகின்றனர். அப்படை 1948ஆம் ஆண்டில் தோன்றியது. படம் வாசித்தல் அதன் பாடங்களுள் ஒன்று. ஏனைய மாணாக்கர்க்கும் இப்பயிற்சி வேண்டும் என்பது என் கருத்து. தமிழ் பயிலும் நமக்கு இஃது எதற்கு என நகைப்பாரும் உளர். படையிற் சேருமுன் யானும் அங்ஙனம் நகைத்தவனே.

சென்ற தைத் திங்களில் எம் பயிற்சி பள்ளிப்பட்டுக்கு அருகே நடைபெற்றது. திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியது அவ்வூர். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பகுதி அது. படத்தில் அழுத்தமாய்த் தோன்றும் அவ்வெல்லைக் கோட்டை நிலத்தில் தேடினால் காண்டல் அரிது. இருபுறமும் ஒரே முட்செடி, ஒரே ஆடு. கிழக்கே நகரி மலைத்தொடரும், அதன்கண் 'நகரி மூக்கு' எனப்படும் சிகரமும் தோன்றும். கடலிற் கலம் செலுத்துவோர் கரையை அறிதற்குப் பண்டு அடையாளமாய்க் கொண்ட சிகரம் அதுவே.

எம் குழுவில் மூத்த மாணாக்கர் ஒருவர் காந்தமுள்ளை ஏந்தி முன் நடந்தார். அடி எண்ணுதல் என் பணி. 100 மீட்டருக்கு 65 இரட்டையடி என முன்னரே அளந்து வைத்திருந்தேன். ஒன்றரைக் கிலோமீட்டரில் ஓர் ஓடை குறுக்கிட வேண்டும். என் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்தது, ஓடை வரவில்லை. ஆயிரத்து நானூறு ஆயிற்று, அப்போதும் வரவில்லை. யான் வாய் திறக்கவில்லை. மூத்தவர் அறியாததை யான் அறிவேனோ என்னும் அச்சம் ஒன்று. என் எண்ணிக்கையே பிழையோ என்னும் ஐயம் மற்றொன்று. பின்னர்க் கேட்டபோது, படத்தை வைத்திருந்தவரும் இவ்வாறே ஐயுற்று வாளாவிருந்தார் எனத் தெரிந்தது. இளையவன் ஒருவன் தண்ணீர் தீர்ந்து தலைசுற்றி அமர்ந்த பின்னரே, "அண்ணா, ஓடையின் தூரத்தைக் கடந்துவிட்டோம்" என்றேன். "இதை முன்னமே சொல்லியிருக்கலாகாதா தம்பி?" என்றார் அவர். அக்கேள்விக்கு இன்றும் என்னிடம் விடையில்லை.

இளையவனை நிழலில் இருத்தி எஞ்சிய நீரை அவனுக்குக் கொடுத்தோம். நகரி மூக்கின் திசைக்கோணத்தையும், புறப்பட்ட குன்றின் கோணத்தையும் எடுத்துப் படத்தில் இரு கோடுகள் வரைந்தோம். அவை வெட்டிக்கொண்ட இடம், செல்லவேண்டிய நெறிக்கு வலப்புறம் அரைக் கிலோமீட்டர் விலகியிருந்தது. சீமைக்கருவேலப் புதர் குறுக்கிடுந்தோறும் நாங்கள் வலப்பக்கமாகவே சுற்றி வந்தமைதான் காரணம். ஒருமுறை வலம் சென்றால் மறுமுறை இடம் செல்லவேண்டும் என்பது பாடத்தில் உள்ளதே. ஐந்து பாகைப் பிழை ஒரு கிலோமீட்டரில் 87 மீட்டராகும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன்!

கைப்பேசி இருக்க இவ்வல்லல் ஏன் என்பார்க்கு ஒன்று சொல்வேன். இருக்குமிடத்தைக் காட்டுவதில் கைப்பேசியே சிறந்தது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின், அறுவர் அறிந்த துணுக்குகளைச் சேர்த்து ஒரு முடிவு காணும் தேவையை அது போக்கிவிடுகின்றது. யான் வேண்டுவதோ அத்தேவையைத்தான். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒன்றை அளக்க 57 நாள் கொண்டார். புகழ் அவர் ஒருவர்க்கே. சங்கிலி பிடித்தார் பெயரை யார் அறிவார்? அவருள் ஒருவன் பிழையைக் கண்டும் வாளாவிருந்திருப்பின் அவ்வளவை என்னாகும்?

ஆதலின், இப்பயிற்சியை எல்லா வகுப்பினர்க்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அளிக்குமாறு கல்லூரித் தலைவரை வேண்டுகின்றேன். முந்தி வந்த குழுவிற்கே பரிசு என்னும் வழக்கத்தை விடுக. காந்தமுள் ஒருவர் கையிலேயே தங்காது மாறி மாறி வருக. அடி எண்ணுவோன் நூறு மீட்டருக்கு ஒருமுறை உரக்கக் கூறுதல் கட்டாயமாகுக. மாசியில் நடந்த அடுத்த பயிற்சியில் யான் அங்ஙனமே கூவிக்கொண்டு சென்றேன். தொண்டை வறண்டது, தோழர் எள்ளினர், இருமுறை என் கணக்கே பிழையென்று திருத்தவும் செய்தனர். ஓடை, சொன்ன தூரத்திற்கு முப்பது அடி முன்னரே வந்தது.