நன்னூல் சொன்ன நான்கும், நாம் செய்த ஐந்தாவதும்

நாட்டை இழந்து வந்த எமக்குப் பிள்ளைகளின் நாவில் எஞ்சியுள்ள மொழியே முதுசொம். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அவுஸ்திரேலியாவில் 95,000இற்கும் அதிகமானோர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். நியூ சவுத் வேல்சின் எச்.எஸ்.சி. பரீட்சையிலும் விக்ரோறியாவின் வீ.சி.ஈ. பரீட்சையிலும் தமிழ் ஒரு பாடமாக உள்ளது. இந்நிலைக்கு, சிட்னியிலும் மெல்பேணிலும் வார இறுதிப் பாடசாலைகளில் ஊதியம் கருதாது உழைக்கும் ஆசிரியர்களின் பங்களிப்புப் பெரிது. அவர்தம் தொண்டினைப் போற்றுகின்றோம். எனினும், அவர்களுள் ஒருவராய் இருந்த நாமும் சேர்ந்து இழைத்த தவறுகளைப் பேசாதிருத்தல் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்காகும்.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் யாத்த பவணந்தி முனிவர், பாயிரத்திலேயே ஆசிரியராகத் தகாதோருக்கு நான்கு உவமைகள் கூறினார். எண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் அவை எம் வகுப்பறைகளுக்குப் பொருந்துகின்றன.

முதலாவது கழற்குடம். கழற்சிக்காய்கள் இட்ட குடத்தைக் கவிழ்த்தால் அவை இட்ட முறையில் வெளிவருவதில்லை. தமிழில் ஒரு வசனம் பேச அறியாத பிள்ளைக்கு 247 எழுத்துக்களையும் ஒப்புவிக்கச் செய்வதும் இவ்வாறே முறை பிறழ்ந்தது. பேச்சு முந்தியது, எழுத்துப் பிந்தியது. உயிர் 12, மெய் 18, அவை சேரும் குறிகள் ஆகியன விளங்கினால் உயிர்மெய் 216உம் தாமே கைவரும். வீட்டிலே 'கதைக்கிறேன்' என்று பழகிய பிள்ளையை, புத்தகத்தில் 'பேசுகிறேன்' என்றிருப்பதால் திருத்துவதும் தவறு. இரண்டும் தமிழே.

இரண்டாவது மடற்பனை. எம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கருக்குமட்டை சூழ்ந்த மரத்தில் ஏறவியலாது. பழம் தானாக விழுந்தாலே உண்டு. "ஏன்?" என்று கேட்பதை நற்பழக்கமாக இந்நாட்டுப் பாடசாலையில் கற்ற பிள்ளை, சனிக்கிழமை வகுப்பில் அதனைக் கேட்டால் "வாய் காட்டாதே" என்று அடக்கப்படுகின்றது. விக்ரோறிய அரச பாடசாலைகளில் 1983இல் பிரம்படி ஒழிந்தது; நியூ சவுத் வேல்சில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுத்தது. பிரம்பு நீங்கிற்று, ஏளனச் சொல் நீங்கவில்லை.

மூன்றாவது பருத்திக்குண்டிகை. சிறுவாய்க் குடத்தில் அடைத்த பஞ்சு சிறிது சிறிதாகவே வெளிவரும். கிடைக்கும் சில மணி நேரத்தையும் கரும்பலகையைப் பார்த்தெழுதுவதில் கழிப்பது இதன்பாற்படும்.

நான்காவது முடத்தெங்கு. நீர் வார்ப்பவன் ஒருவன். வளைந்த மரம் காயை உதிர்ப்பதோ அயலவன் வளவில். எல்லாப் பெற்றோரும் சேர்ந்து வளர்க்கும் பாடசாலை, பேச்சுப் போட்டியில் வெல்லக்கூடிய சிலரையே பார்த்துச் சாய்ந்தால் பின்வரிசைப் பிள்ளை யாருடைய பொறுப்பு?

பவணந்தியார் கூறாத ஐந்தாவது தவறொன்றும் உண்டு. அதனை நாமே செய்தோம்.

பத்தாண்டுகளுக்கு முன்னர் 'எனது தந்தை' எனக் கட்டுரைத் தலைப்புக் கொடுத்தோம். புதிதாகச் சேர்ந்திருந்த சிறுவன் ஒருவன் கொப்பியை வெறுமையாகத் தந்தான். சோம்பல் எனக் கருதி, வகுப்பு முழுவதும் காண அதனைத் தூக்கிக் காட்டினோம். வகுப்பு முடிந்ததும் தாயார் வந்தார். தகப்பன் 2009இல் போரின் இறுதி நாட்களிற் காணாமற்போனவர். அவர் கோபிக்கவில்லை, ஒன்று மட்டும் கேட்டார்: "மாஸ்ரர், அப்பா 'இருக்கிறார்' எண்டு எழுதுறதோ, 'இருந்தார்' எண்டு எழுதுறதோ? எங்களுக்கே தெரியாதே."

காலங்காட்டும் இடைநிலைகளை ஆண்டாண்டாய்க் கற்பித்த எம்மிடம் அதற்கு விடை இருக்கவில்லை. அடுத்த கிழமை அச்சிறுவன் வரவில்லை, பின்னரும் வரவில்லை. ஒரு பிள்ளையின் தமிழ் எம் கையால் அற்றுப்போயிற்று.

ஆகவே ஆசிரியர்களை வேண்டுகின்றோம்: குடும்பம், வீடு, ஊர் பற்றி எழுதச் சொல்லும்போது மாற்றுத் தலைப்பொன்றும் கொடுங்கள். வெற்றுத்தாளைக் கண்டால் தண்டிக்குமுன் தனியே அழைத்து விசாரியுங்கள். பெற்றோரே, நீங்களும் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுச் செல்லாது ஆசிரியரோடு ஐந்து நிமிடம் கதையுங்கள், சொல்லக்கூடியதைச் சொல்லிவையுங்கள். பிள்ளையை அறியாமல் பாடத்தை மட்டும் அறிந்திருப்பவர் ஆசிரியராகார். இதனை நாம் காலம் பிந்தியே கற்றோம். நீங்கள் முந்திக் கற்பீர்களாக.